சேற்றில் இறங்கினால் வேலை கிடைக்குமா?

கேள்வி: எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த என் மகன் வாரக் கடைசியில் அலையாத்திக் கன்று நடப் போகிறான். அதனால் பிழைப்புக்கு வழி உண்டா ஐயா?
– ஒரு தாய், நிபோங் திபால்

பதில்: உண்டும்மா, தைரியமாக அனுப்புங்கள். பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி வேலை வாங்கியவன் நான். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போகணும். பக்காவ் என்ற அலையாத்தி வகையின் நாற்றை, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் ஊன்றணும். நீர் ஏறுமுன் கூட வந்தவர்களை எண்ணிக் கரையேற்றணும். இந்தப் பொறுப்பைச் சுமந்த பையனை எந்த முதலாளியும் விரும்புவார்.

அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்கள் ‘சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்’ என்ற அரசு வேலைப் படையில் மரம் நட்டு, பாதை போட்டுத் தொழில் பழகினார்கள். எழுதப் படிக்கவும் பலர் அங்கேதான் கற்றார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். பெரும்பாலும் 25 டாலர் வீட்டுக்கே போனது.

எங்கே, என்றைக்கு, என்ன வேலை என்று மகனை எழுதிவைக்கச் சொல்லுங்கள். குழுத் தலைவரின் கையெழுத்தோடு வேலை விண்ணப்பத்தில் இணைக்கலாம்.