ஆர்கான் வெல்டிங்: ராடு ஏன் டங்ஸ்டனில் போய் ஒட்டுகிறது?

கேள்வி: துவாக்குடியில் எஸ்.எஸ். மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறையில் இரண்டு மாதமாக ஆர்கான் வெல்டிங் பழகுகிறேன். ராடு, அதாவது உருக்கிச் சேர்க்கும் கம்பி, கொடுக்கப் போனால் நுனி உருண்டு சொட்டுகிறது, அல்லது டார்ச்சின் டங்ஸ்டன் முனையில் ஒட்டிக்கொள்கிறது. கை வேகம் போதாது என்கிறார்கள். பணம் கட்டி ‘6ஜி’ சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?

பதில்: கை வேகம் காரணமில்லை தம்பி. ராடை நீங்கள் ஆர்க்கில் (டங்ஸ்டன் முனையில் எரியும் மின்பொறியில்) காட்டி உருக்கப் பார்க்கிறீர்கள். அதை உருக்க வேண்டியது கீழே உருகிக் கிடக்கும் குட்டை. முதலில் டார்ச்சை மட்டும் காட்டி, குட்டை பளபளவென்று திரளும்வரை பொறுங்கள். அப்புறம் அதன் முன் விளிம்பில் ராடின் நுனியைத் தொட்டு எடுங்கள். அவ்வளவுதான். குட்டையே இழுத்துக்கொள்ளும்.

ராடை உயரத் தூக்கிப் பிடித்தால் ஆர்க்கின் சூடு முதலில் அதில்தான் படும், உருண்டுவிடும். தகட்டோடு ஒட்டினாற்போல 15 டிகிரி சாய்வில் கொண்டுவாருங்கள். டார்ச் கிட்டத்தட்ட நேராக நிற்கட்டும். அதைப் படுக்க வைத்தால் சூடு முன்னால் பாய்ந்து ராடைச் சுடும். தொட்டபின் ராடை வெகுதூரம் இழுக்காதீர்கள். சிவந்த நுனி ஆர்கானுக்கு வெளியே போனால் காற்றில் கறுக்கும், அந்தக் கறுப்பு அடுத்த தொடுதலில் வெல்டுக்குள் போகும். ஒரு மீட்டர் ராடு கையில் ஆடுகிறதா? பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். டங்ஸ்டனைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்தி, நீளவாக்கில் சாணை பிடித்துவிட்டுத் தொடருங்கள்.

ராடை இணைப்பில் படுக்க வைத்தே ஓட்டுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அது கனமான பைப்பில் ரூட், அதாவது அடியில் முதல் வரிசை, போடும் முறை. இரண்டு பைப்புக்கும் நடுவே விடும் இடைவெளி ராடின் பருமனைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் ராடு இரு விளிம்பிலும் உட்கார்ந்துகொள்ளும், மேலே டார்ச் போனால் மூன்றும் சேர்ந்து உருகும். உங்கள் 2 மி.மீ. கைப்பிடியில் இடைவெளியே இல்லை. அங்கே அப்படிப் போட்டால் ராடு மேலே அழகாகச் செதில் செதிலாகப் படியும், அடியில் பிடித்திருக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்.

ராடு வாங்கும்போதும் கவனம் வேண்டும். 304 ரக எஸ்.எஸ். பைப்புக்கு 308எல் ராடு. அந்த எண் ராடின் நுனியில் அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாத முனையிலிருந்து உருக்குங்கள், மிச்சத் துண்டு எதுவென்று கடைசிவரை தெரியும். எண்ணே இல்லாத ராடைக் கிலோ கணக்கில் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். காந்தம் வைத்துக் காட்டுவார், நம்பாதீர்கள். 304-ஐயும் மலிவு ரகமான 202-ஐயும் காந்தம் பிரித்துச் சொல்லாது.

இனி அந்தச் சான்றிதழ். 6ஜி என்பது 45 டிகிரி சாய்த்து நிறுத்திய பைப்பைத் திருப்பாமல் சுற்றி வெல்டு செய்யும் தேர்வு. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் பிரிவு 9-இன்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி தருவது வேலை வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு செய்யாவிட்டால் தகுதி காலாவதி. ஏஜென்ட் விற்கும் காகிதத்தோடு வளைகுடாவுக்குப் போனாலும் அங்கே திரும்ப டெஸ்ட் வைப்பார்கள். அதில் தோற்றுக் கடனோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் பாடம் எடுத்த ஒரு கூடத்தில் ஆர்கான் சிலிண்டர் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் வரும், ஆளுக்கு இரண்டு ராடு. கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். பிள்ளைகள் ஏஜென்டிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

வகுப்பில் சேரத்தான் வேண்டுமென்றால், ஒரு நாளைக்கு எத்தனை ராடு தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். அதுவரை 1.6 மி.மீ. ராடு, 60 ஆம்பியர், பட்டறையில் விழும் துண்டுத் தகடு போதும். தினம் அரை மணி நேரம், ஒரு தொடுதலுக்கு அரைக் குட்டை தூரம் நகருங்கள். வெல்டு பொன்னிறமாக வந்தால் சரி. சாம்பல் நிறத்தில் வந்தால் சூடு அதிகம், ஆம்பியரைக் கொஞ்சம் இறக்குங்கள்.