டியூஷன் பணத்தில் குத்துச்சண்டை பழகும் மகன்: ஒரு தாய்க்கு ஜோ லூயிஸின் வாழ்க்கையிலிருந்து சில ஆலோசனைகள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகன், இயற்பியல் டியூஷனுக்கு என்று தாங்கள் கொடுத்தனுப்பிய பணத்தைக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் கட்டிவிட்டான் என்றும், கண்டித்தபோது உலகச் சாம்பியன் ஆகிக் காட்டுவேன் என்று சொன்னான் என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் முடிவில், "நம்மைப் போன்றவர்கள் ஜெயித்தாலும் மேலே வர விடுவார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். படிப்பு, பணம், அடிபடும் பயம் ஆகிய மூன்றையும்விட அந்தக் கேள்விதான் தங்களை உறங்கவிடாமல் செய்கிறது என்பது புரிகிறது. அதனால் கல்லூரிகளின் பட்டியலையும் மதிப்பெண் கணக்கையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அமெரிக்கக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸைப் பற்றி முதலில் எழுதுகிறேன். தங்கள் மகன் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கையைப் போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

அவர் 1914-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் பருத்திக் காட்டுப் பகுதியில், குத்தகைக்கு உழுத ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வடக்கே தொழில் நகரங்களுக்குப் புறப்பட்ட லட்சக்கணக்கான கறுப்பின மக்களோடு அந்தக் குடும்பமும் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. தாய் லில்லி மகனைத் தச்சு வேலை கற்பிக்கும் தொழிற்பள்ளியில் சேர்த்தார். வயலின் வகுப்புக்கும் காசு கொடுத்தார். அந்தக் காசு பிரூஸ்டர் பொழுதுபோக்கு மையத்தின் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போயிற்று. உண்மை தெரிந்தபோது, அதுதான் விருப்பம் என்றால் முழு மனதோடு செய் என்ற கருத்தில் அந்தத் தாய் பேசினார் என்பது லூயிஸின் குடும்பத்தில் வழங்கிவந்த கதை. தங்கள் வீட்டில் நடந்தது புதிதல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விருப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த வீடு மகனிடம் உழைப்பை எதிர்பார்த்தது என்பதையும் கவனியுங்கள்.

1932-இல் நடந்த முதல் அமெச்சூர் போட்டியில், ஒலிம்பிக் அணிக்குத் தேர்வான ஜானி மைலர் அவரை ஏழு முறை தரையில் வீழ்த்தினார். பரிசாகக் கிடைத்தது ஏழு டாலருக்குச் சாமான் வாங்கிக்கொள்ளும் சீட்டு. அதன்பின் லூயிஸ் சில காலம் கையுறையை ஒதுக்கிவிட்டு, கார்த் தொழிற்சாலையில் பாரம் தள்ளும் வேலை பார்த்தார். மறுபடி கூடத்துக்குத் திரும்பியவர், 54 அமெச்சூர் போட்டிகளில் 50-ஐ வென்று, 1934-இல் தேசிய அமெச்சூர் பட்டத்தையும் பெற்ற பிறகே தொழில்முறைக்கு மாறினார். இந்தத் தகவலைத் தங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள். அவன் இப்போது நிற்கும் இடம் அந்த ஏழு டாலர் சீட்டு கைக்கு வருவதற்கும் முந்தைய இடம்.

இனி, மேலே வர விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். லூயிஸ் வந்த காலத்தில் அதற்கு நேர்மையான விடை, விடமாட்டார்கள் என்பதுதான். அவருக்கு முன் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் 1908-இல் சிட்னியில் ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றிருந்தார். அவரிடமிருந்து பட்டத்தை மீட்பதற்கென்றே ஓய்விலிருந்த வெள்ளையர் ஜிம் ஜெஃப்ரிஸை அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜான்சன் அவரையும் தோற்கடித்தபோது, அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. வெள்ளைப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜான்சனை 1913-இல் வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு குற்றவாளி என்றது. அந்தத் தீர்ப்புக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2018-இல்தான். அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1915-இல் அவர் பட்டத்தை இழந்தது முதல் 1937 வரை ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோத ஒரு கறுப்பருக்குக்கூட வாய்ப்பு தரப்படவில்லை. ஹாரி வில்ஸ் போன்றவர்கள் தகுதி இருந்தும் காத்திருந்தே முதுமையடைந்தார்கள். திறமை இருந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறோமே, வில்ஸின் வாழ்க்கையைப் படித்தபின் அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அடைத்துக் கிடந்த அந்தக் கதவை லூயிஸ் எப்படித் திறந்தார் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் தனியாகத் திறக்கவில்லை. டெட்ராய்ட்டின் ஜான் ராக்ஸ்பரோ, சிகாகோவின் ஜூலியன் பிளாக் ஆகிய இருவரும் மேலாளர்கள். ஜாக் பிளாக்பர்ன் பயிற்சியாளர். மூவருமே கறுப்பர்கள். கறுப்பின இளைஞர்களை அவசர அவசரமாகப் போட்டிகளில் இறக்கிக் காசாக்கிவிட்டுக் கைவிடுவது அக்காலத்து வழக்கம் என்பதை அறிந்தவர்கள். ஜான்சனின் நிழல் லூயிஸ் மீது விழக்கூடாது என்பதற்காக அவர்கள் சில விதிகளை வகுத்தார்கள்: வெள்ளைப் பெண்ணோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிராளியின் எதிரே மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது, முன்கூட்டியே பேசி வைத்த போட்டிகளில் இறங்கக் கூடாது, ஒழுக்கமாக வாழ வேண்டும், ஒழுங்காகச் சண்டையிட வேண்டும். லூயிஸ் இவற்றைப் பொதுவெளியில் கடைப்பிடித்தார். அப்படியும் பத்திரிகைகள் அவரைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதுவதையும் கேலிச்சித்திரம் போடுவதையும் நிறுத்தவில்லை. இந்த விதிகளைச் சிலர் இன்றும் நன்னடத்தைப் பாடமாக இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வெள்ளை வீரர் வென்றதும் கை உயர்த்திச் சிரிக்கலாம், ஒரு கறுப்பர் சிரித்தால் ஆபத்து என்றிருந்த சமூகம் விதித்த விலை அது. தங்கள் மகன் தலை குனிந்து பழக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் எப்படிப்பட்ட பார்வை தன்மீது விழும் என்பதை அறிந்து, அதை அவனுக்கு முன்பே கடந்து வந்த பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

விளையாட்டில் கல்வி எப்படி நடக்கிறது என்பதையும் ஓர் உதாரணத்தால் காட்டிவிடுகிறேன். 1936 ஜூன் 19 அன்று, அதுவரை தோல்வியே காணாத லூயிஸை ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸின் பழைய போட்டிகளைத் திரைப்படச் சுருளில் பார்த்த ஷ்மெலிங், இடது கையால் நேர்குத்து விட்டபின் அந்தக் கையை முகத்துக்குத் திருப்பிக் கொண்டுவராமல் லூயிஸ் தாழ்த்திவிடுகிறார் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். அந்த இடைவெளியில்தான் ஷ்மெலிங்கின் வலது கை மீண்டும் மீண்டும் இறங்கியது. பயிற்சியை விட்டுவிட்டு அப்போதுதான் பழகிய கோல்ஃப் ஆட்டத்தில் லூயிஸ் நேரம் செலவழித்திருந்தார் என்பதும் பதிவான செய்தி. தோற்ற பிறகு அவரும் பிளாக்பர்னும் அந்தக் கையைத் திருத்தினார்கள். 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் அப்போதைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி அவர் உலகச் சாம்பியன் ஆனார். சரியாக ஓராண்டு கழித்து, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேருக்கு முன், ஹிட்லரின் ஜெர்மனி தன் இனப் பெருமைக்குச் சான்றாகக் காட்டிய அதே ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் முடித்தார். (ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர், அதே ஆண்டு நவம்பரில் யூதச் சிறுவர்கள் இருவரைத் தம் அறையில் மறைத்து வைத்துக் காப்பாற்றியவர். எதிராளியை வெறுக்கத் தேவையில்லை என்று மகனுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.) அன்றிரவு வானொலியருகே காத்திருந்த கறுப்பின மக்கள் நகரங்களின் தெருக்களில் இறங்கிக் கொண்டாடினார்கள், வெள்ளை அமெரிக்காவும் முதன்முறையாக ஒரு கறுப்பரைத் தன் நாட்டின் வீரர் என்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்த ஏற்பு அரைகுறையானது. 1942 ஜனவரியில் அவர் ராணுவத்தில் சேர்ந்தபோது, படை இன்னும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களைச் சமையல், பரிமாறும் வேலைகளுக்கு மட்டுமே வைத்திருந்த கடற்படையின் நிவாரண நிதிக்கு அவர் ஒரு போட்டியின் ஊதியத்தைக் கொடுத்தார், அடுத்த போட்டியின் ஊதியத்தை ராணுவ நிதிக்குக் கொடுத்தார். கன்சாஸ் மாநில முகாமில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட கறுப்பினப் படைவீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சியில் இடம் மறுக்கப்பட்டபோது, தனக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு அந்தத் தடையை நீக்க உதவினார். அந்த ராபின்சன்தான் 1947-இல் பேஸ்பால் பெரும் போட்டித் தொடரில் நிறத் தடையை உடைத்தவர். ஒருவர் ஏறிய படியில் அடுத்தவர் கால் வைக்க முடிந்ததை லூயிஸின் மிகப் பெரிய வெற்றியாக நான் மதிக்கிறேன். 25 முறை பட்டத்தைத் தக்கவைத்த சாதனைகூட அதற்கு அடுத்ததுதான்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டால் நான் தங்களுக்கு ஆலோசகனாக இருக்கும் தகுதியை இழப்பேன். லூயிஸ் சம்பாதித்ததாகக் கணக்கிடப்படும் தொகை 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் கைக்கு வந்தது சுமார் எட்டு லட்சம். மீதி மேலாளர்களுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும் போயிற்று. பட்டப் போட்டிக்கு பிராடக் சம்மதிப்பதற்கே, லூயிஸின் எதிர்காலப் போட்டிகளால் வரும் லாபத்தில் பத்து ஆண்டுகளுக்கு 10 சதவீதம் என்று ஒப்பந்தம் கேட்கப்பட்டது. வந்த பணத்தையும் அவர் உறவினருக்கும் நண்பருக்கும் அள்ளிக் கொடுத்தார், உணவகம், குளிர்பானம் என்று போட்ட தொழில்களில் இழந்தார். கணக்கைத் தாமே பார்க்கும் பழக்கம் இல்லாததால், 1950-இல் ஐந்து லட்சம் டாலர் வரி பாக்கி என்ற அறிவிப்பு வந்தது. நிவாரண நிதிக்குக் கொடுத்த ஊதியத்தையும் அவருடைய வருமானமாகவே வரித் துறை எடுத்துக்கொண்டது. அதைக் கட்டுவதற்காக, ஓய்வு பெற்றிருந்தவர் மீண்டும் மேடை ஏறி, 1951 அக்டோபரில் 37 வயதில் ராக்கி மார்சியானோவிடம் அடிபட்டு வீழ்ந்தார். பிறகு மல்யுத்தக் காட்சிகளிலும் இறங்கினார். 1953-இல் தாய் இறந்தபோது மகனுக்கு விட்டுச் சென்ற 667 டாலரையும் வரித் துறை எடுத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியொன்றில் வருவோரை வரவேற்கும் வேலையில் இருந்தார். 1981-இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவில் பங்கேற்றவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர்.

ஆகவே, மகன் சாம்பியன் ஆவானா என்று என்னைக் கேட்க வேண்டாம். அதை யாராலும் சொல்ல முடியாது. அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள், கையெழுத்துப் போடும் தாளை யார் படிக்கிறார்கள், கையுறையைக் கழற்றிய பிறகு அவன் என்ன செய்வான் என்ற கேள்விகளுக்கு இன்றைக்கே விடை தேட முடியும், தேட வேண்டும்.

முதலில் பயிற்சிக் கூடத்துக்குத் தாங்களே நேரில் செல்லுங்கள். பயிற்சியாளர் என்ன படித்திருக்கிறார், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவரா, சிறுவர்களைத் தலைக்கவசமில்லாமல் மோதவிடுகிறாரா, தலையில் பலமாக அடிபட்ட பையனை எத்தனை நாள் ஒதுக்கி வைக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பும் கூடத்தில் மகனை விடாதீர்கள். வேறு கூடம் பார்க்கலாம். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ நடத்தும் போட்டிகளில் மட்டும் அவன் கலந்துகொள்ளட்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை ஆகியவையும் வீரர்களை எடுக்கின்றன. அங்கெல்லாம் போட்டியை நடத்தியது யார் என்பதைப் பொறுத்தே சான்றிதழுக்கு மதிப்பு. தனியார் நடத்தும் கோப்பைப் போட்டியில் வென்ற பெரிய கேடயம் விண்ணப்பத்தில் உதவாமல் போகலாம். ஒவ்வொரு சான்றிதழையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் தாங்களே வைத்திருங்கள்.

பிளஸ் டூவை அவன் முடித்தே ஆக வேண்டும். இயற்பியல் பிடிக்காததால்தான் கூடத்துக்கு ஓடுகிறானா என்பதையும் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியென்றால் அது தனிப் பிரச்சினை, அதற்குத் தீர்வு வேறு. உயிரியலில் நாட்டமிருந்தால் பிசியோதெரபி, இல்லையென்றால் மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகப் படிப்புகள், பயிற்சியாளர் பட்டயம் என்று விளையாட்டை விட்டு விலகாமலே பிழைக்க வழிகள் உண்டு. பரிசுப் பணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அவன் பெயரிலேயே வங்கிக் கணக்கில் போட்டு, வரவு செலவை அவனே எழுதட்டும்.

டியூஷன் பணத்தை மறைத்ததற்கு அவன் தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதே சமயம், பொய் சொல்ல அவசியமில்லாத நிலையையும் வீட்டில் உருவாக்குங்கள்: அரையாண்டுத் தேர்வு வரை கூடத்துக்கு வாரம் மூன்று மாலைகள், மற்ற மாலைகள் பாடத்துக்கு என்று இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடிந்த வாரத்தில் மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்க் கோப்பையும் எடுத்துக்கொண்டு இருவரும் அலுவலகத்துக்கு வாருங்கள். பயிற்சியாளரும் உடன் வர ஒப்புக்கொண்டால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான திட்டத்தை நால்வரும் உட்கார்ந்து வகுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் கல்வி-வேலைவாய்ப்பு ஆலோசகர்