லீவு விட்டாச்சு, என்ன படிக்க குடுக்கலாம்?

கேள்வி: அக்கா, என் பையன் நாலாவது முடிச்சு அஞ்சாவது போறான். ஸ்கூல்ல ஒரு லிஸ்ட் குடுத்து லீவுல பத்து புக் படிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் அரை பக்கம் சம்மரி எழுதிட்டு வரணும்னு சொல்லிட்டாங்க. முதல் புக்கே மூணாவது பக்கத்துல நிக்குது, போன் மட்டும் கைய விட்டு இறங்க மாட்டேங்குது. ஜாலியா படிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.
- ஒரு அம்மா, வில்லிவாக்கம்

பதில்: படிச்சு முடிச்சதும் எழுதணும்னு தெரிஞ்சாலே புக் பாடமாயிடுதும்மா, அதான் மூணாவது பக்கத்துலயே நின்னுட்டான். அந்த லிஸ்ட்ட ஸ்கூல் திறக்க பத்து நாள் இருக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்து முடிச்சு குடுத்துடலாம். இப்போதைக்கு அவனே சிரிச்சுட்டு உங்கள கூப்பிட்டு "இத கேளும்மா"ன்னு காட்டுற மாதிரி ஒரு புக் வேணும், அவ்ளோதான்.

காமிக்ஸ்ல ஆரம்பிங்க. அதெல்லாம் ஒரு படிப்பான்னு வீட்ல கேப்பாங்க, கேட்டா தாத்தாகிட்ட இரும்புக்கை மாயாவி ஞாபகம் இருக்கான்னு திருப்பி கேளுங்க. சிவகாசிலேர்ந்து 1972ல முத்து காமிக்ஸ் வந்தப்போ முதல் இதழே அந்த மாயாவிதான், கரண்ட் பாஞ்சா உடம்பு மொத்தமும் மறைஞ்சு இரும்புக் கை மட்டும் தெரியும், அத வச்சு எத்தனையோ பசங்க ஒரே மூச்சுல தமிழ் படிக்க பழகிட்டாங்க. (ப்ளக் பாயிண்ட் பக்கம் கை கொண்டு போகக்கூடாதுன்னு முதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க.) இங்கிலீஷ்ல வேணும்னா டிங்கிள். அதுல வர்ற சுப்பாண்டியே நம்ம ஊரு நாட்டுப்புறக் கதைலேர்ந்து போனவன்தான். திருவல்லிக்கேணி பாரதி சாலை ப்ளாட்பாரத்துல பழைய இதழ் கெடைக்குதான்னு பாருங்க, அவனையும் கூட்டிட்டு போய் அவனையே பொறுக்க விடுங்க.

அடுத்தது டோட்டோ-சான். ஜப்பான்ல 1981ல வந்த புக், நேஷனல் புக் ட்ரஸ்ட் தமிழ்லயே போட்டிருக்காங்க. ஜன்னல்கிட்ட நின்னு தெருவுல போற பாட்டுக்காரங்கள கூப்பிட்டதுக்கெல்லாம் முதல் ஸ்கூல்லேர்ந்து அனுப்பிட்ட ஒரு குட்டிப் பொண்ணு புது ஸ்கூலுக்கு போறா, அங்க க்ளாஸ் ரூமே பழைய ரயில் பெட்டிதான், ஹெட்மாஸ்டர் முதல் நாளே அவ பேச பேச நாலு மணி நேரம் உக்காந்து கேக்குறாரு! இந்த இடத்த நான் எத்தனையோ பசங்களுக்கு படிச்சு காட்டியிருக்கேன், "நெஜமாவா?"ன்னு கேக்காத பிள்ள இல்ல. நெஜந்தான், எழுதுனவங்களோட சொந்தக் கதை அது. சின்ன சின்ன அத்தியாயம், தூங்குறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டா படிக்கலாம். அவன் மட்டும் இல்ல, நீங்களும் படிங்க.

அப்புறம் ஆர்.கே.நாராயணோட சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ், 1935ல வந்தது. அவரு பொறந்தது உங்களுக்கு கிட்டத்துல இருக்குற புரசைவாக்கத்துலதான், அத சொல்லியே ஆரம்பிங்க. லீவுல அப்பா புடிச்சு உக்கார வச்சு மாம்பழக் கணக்கு போட சொல்ல, சுவாமிக்கு மாம்பழம் பழுத்ததா காயான்னு தெரிஞ்சாதான் மேல போகும். உங்க பையனுக்கு சுவாமிய உடனே புடிச்சிடும் பாருங்க. இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அதனால இத அவன்கிட்ட குடுத்துட்டு போயிடாம நீங்க படிச்சு தமிழ்ல கதையா சொல்லுங்க.

எந்த புக்கா இருந்தாலும் இருபது பக்கம் தாண்டியும் புடிக்கலைன்னா மூடி வைக்கட்டும், திட்டாதீங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஒம்பது வயசு, இங்கிலீஷ் கடகடன்னு படிக்கிறா, தமிழ்னா எழுத்து கூட்டுறா. கடைக்கு போனா விலையும் ஜாஸ்தியா இருக்கு, என்ன பண்றது?
- பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா

பதில்: சார், தமிழ்ல அவ பாக்குறது பாடப்புத்தகம் மட்டுந்தான்னா வேகம் எங்கேர்ந்து வரும்? ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ் கதைங்க ஃப்ரீயாவே இருக்கு, நாலு லெவலா பிரிச்சு வச்சிருக்காங்க. வயச பாக்காம ரெண்டாவது லெவல்ல ஆரம்பிங்க, ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம் அவ. தடுக்குற வார்த்தைய உடனே சொல்லி குடுத்துட்டு கதைய நகத்துங்க, நின்னு எழுத்துக்கூட்ட வச்சா கதை போயிடும். சுலபமா போகுதுன்னு தெரிஞ்சா அவளே மூணாவது லெவலுக்கு தாவிடுவா.

விலை பிரச்சனைக்கு லைப்ரரி இருக்கவே இருக்கு. வீட்டு பக்கத்து கிளை நூலகத்துல மெம்பராயிட்டா எடுத்துட்டு வந்து படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு (2010ல திறந்தது) இன்னும் போகலைன்னா இந்த லீவுலயே கூட்டிட்டு போங்க, முதல் மாடில பசங்களுக்குன்னே தனி இடம், நடுவுல பெரிய செயற்கை மரம். மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சுட்டா மத்தியானம் வெளில எங்க விளையாட முடியும், அந்த நேரத்துக்கு ஏசில உக்காந்து படிக்க அத விட நல்ல இடம் கெடையாது. உள்ள போனதும் "இத எடு, அத எடு"ன்னு நீங்க எடுத்து குடுக்காதீங்க. முதல் அரை மணி நேரம் அவ சும்மா சுத்திட்டுத்தான் வருவா, சுத்தட்டும், நீங்களும் உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சுட்டு படிங்க.