தாத்தாவின் கடைச் சுவர்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கப்போகிறோம். பரணைக் காலி செய்தபோது, பின்னி ஆலைக்கு அருகே பட்டாளம் என்ற பகுதியில் என் தாத்தா நடத்திய பெட்டிக்கடையின் சாமான்கள் கிடைத்தன. நீல எனாமல் சிகரெட் பலகை ஒன்று, மூக்குப்பொடி விளம்பரத் தகரப் பலகை ஒன்று, சிகரெட் பெயர் எழுதிய முகம் பார்க்கும் கண்ணாடி, ஐம்பது சிகரெட் அடங்கும் உருண்டை டப்பாக்கள் நான்கு (ஒன்றில் இன்னும் கடுகு இருக்கிறது), பீடிக் கம்பெனி நாள்காட்டியின் முருகன் படம், மிட்டாய் ஜாடிகள். இவற்றோடு விஸ்கியின் பெயர் போட்ட பீங்கான் கூஜா ஒன்றும் இருந்தது. பாட்டி அதில்தான் மோர் வைப்பார். தாத்தா குடித்ததே இல்லை. ஆனால் புகைத்தார். 1974-இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

காப்பிக் கடை திறக்கப்போகும் என் தம்பி மகன் பலகைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறான். மருத்துவம் படிக்கும் என் மகள், “எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்கிறாள். ஒரு வியாபாரி மொத்தத்துக்கும் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? படங்களை இணைத்திருக்கிறேன்.

ச., பெரம்பூர்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

வியாபாரிக்கு இன்னும் பதில் சொல்லாதீர்கள். டப்பாவில் இருக்கும் கடுகையும் கொட்டிவிடாதீர்கள். சிகரெட் தீர்ந்த பிறகுதான் நம் வீடுகளில் அந்த டப்பாவின் வாழ்க்கை தொடங்கும். மூடி இறுக்கமானது, ஐப்பசி மழையிலும் உள்ளே இருப்பது நமத்துப் போகாது. என் அம்மா ஒன்றில் பொத்தான்களும் ஊக்குகளும் வைத்திருந்தார். கப்பற்படை மாலுமியின் தாடி முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அந்த மூடியில்தான். அது ஒரு சிகரெட்டின் சின்னம் என்பது எனக்குத் தெரிய வெகுகாலமாயிற்று.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது தகரப் பலகையை. எனாமல் பலகைக்குத்தான் வியாபாரி அதிக விலை சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த மூக்குப்பொடிப் பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘புகையிலை’ என்ற சொல்லில் உள்ள ‘லை’, லகரத்தின் தலைமேல் யானைத் துதிக்கை வளைந்து நிற்கும் பழைய ‘லை’. கீழே ‘விலை’ என்ற சொல்லிலும் அதே துதிக்கை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்த பிறகு இந்த வடிவம் மெல்ல மெல்ல மறைந்தது. பெரியார் தன் பத்திரிகையில் 1935-லேயே புதிய வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டார், ஆகவே புதிய ‘லை’ இருப்பதால் மட்டும் ஒரு பலகையைப் புதியது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ‘ஐம்பது வருடப் பலகை’ என்று இன்று விற்கப்படும் போலிகளில், கணினி எழுத்துருவில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும் ‘லை’யே பல சமயம் குட்டை உடைத்துவிடும்.

உங்கள் பலகையில் விலை ‘ஓர் அணா’ என்று இருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதன் பிறகும் மக்கள் வாயில் அணா இருந்தது உண்மைதான். ஆனால் புதிதாக அச்சடிக்கும் கம்பெனி பழைய நாணயத்தில் விலை போடாது. ஆக இந்தத் தகரம் தாத்தாவின் கடைக்கு வந்தது 1957-க்கு முன்பு என்று தைரியமாகச் சொல்லலாம். புகையிலைக்கும் சென்னைக்கும் இருந்த உறவு அதற்கும் மிகப் பழையது. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு வழங்கும் ஒரு சொல்லே நம் ‘சுருட்டு’ போய் அங்கே உருமாறியதுதான். மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது.

எனாமல் பலகை வேறு இனம். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைக் குழம்பாகப் பூசி, எண்ணூறு டிகிரி அளவுக்குச் சூளையில் சுட்டு உருக்குவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பூச்சு, தனித்தனிச் சூடு. விரலால் தடவினால் வெள்ளை எழுத்து நீலத்தைவிட ஒரு மயிரிழை மேடாகத் தெரியும். உங்கள் படத்தில் ஆணித் துளையின் உள்விளிம்பு வரை பூச்சு இறங்கியிருக்கிறது. துளை போட்ட பிறகே சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போலிகளில் துளையைச் சுற்றி இரும்பு அறுபட்டுத் தெரியும், துருவும் அமிலம் தடவியது போல எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்கும். உங்களுடையது அசல்.

எதற்காக இத்தனை பாடுபட்டுக் கண்ணாடியில் சுட்டார்கள்? வெயிலில் வெளுக்கக் கூடாது, மழையில் கரையக் கூடாது, கடைக்காரருக்கு அதை எடுத்துவிட ஒரு காரணம் கிடைக்கவே கூடாது. கம்பெனியின் ஆள் வந்து இலவசமாக மாட்டிவிட்டுப் போவார். தாத்தா ஒரு காசும் கொடுத்திருக்க மாட்டார். கடைக்கு அழகு கூடியது என்றுகூட மகிழ்ந்திருப்பார், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் அன்றிலிருந்து அவருடையதாக இல்லை. உங்கள் எனாமல் பலகையில் கடையின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

கண்ணாடியையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆலைச் சங்கு ஊதியதும் வெளியே வருகிறவர் பெட்டிக்கடை முன் நின்று தலை சீவிக்கொள்வார். பக்கத்தில் சிகரெட் பற்றவைக்க நெருப்புக் கயிறு புகைந்துகொண்டு தொங்கும். தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றிக்கு மேலே அந்தப் பெயரையும் அவர் பார்த்தாக வேண்டும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சிகரெட் பெட்டிக்குள் வந்த பட அட்டைகளை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மெல்லிய காகிதப் பெட்டி கசங்காமல் இருக்க ஒரு அட்டைத் துண்டு வைத்தார்கள். 1870களிலும் 80களிலும் அமெரிக்காவில் அதில் படம் அச்சிடத் தொடங்கினார்கள், 1880களின் இறுதியில் இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனமும் அதைப் பின்பற்றியது. கிரிக்கெட் வீரர்கள், பறவைகள், கப்பல்கள் என்று ஐம்பது படங்கள் சேர்ந்தால் ஒரு வரிசை முடியும். முடிக்கத் துடித்தவர்கள் குழந்தைகள். அப்பாவை இன்னொரு பெட்டி வாங்கச் சொல்லி நச்சரித்தவர்களும் அவர்களே. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால்தான் 1940-இல் பிரிட்டனில் அது நின்றது. சென்னையின் பழைய மூர் மார்க்கெட்டில் பள்ளி நாட்களில் நானும் அந்த அட்டைகளை வாங்கிச் சேர்த்தேன். 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்தபோது அப்படி எத்தனை பெட்டிகள் சாம்பலாயினவோ! படங்கள் அழகானவை. இன்றும் அவற்றை வைத்திருக்கிறேன்.

கூஜாவுக்கு வருகிறேன். அது விஸ்கி ஊற்றும் பாத்திரம் அல்ல. மதுக்கடை மேசையில், விஸ்கியில் கலக்கத் தண்ணீர் வைப்பதற்காகச் சாராயக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தது. பாட்டி அதில் மோர் வைத்தது பொருத்தமே. இது ஏன் அபூர்வம் என்றால், 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971 வரை நீடித்தது. அந்த இருபத்து மூன்று ஆண்டுகள் பெர்மிட் வாங்கியவருக்குத்தான் இங்கே மது. கடைச் சுவரில் மது விளம்பரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சிகரெட் பலகை போல இது ஒரு கடைக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்காது. துறைமுகத்திலோ, வெள்ளைக்காரர் கிளப் ஒன்றிலோ, மவுண்ட் ரோட்டின் பெரிய கடை எதிலோ உங்கள் குடும்பத்தில் யாராவது வேலை பார்த்தார்களா? கூஜாவின் அடியில் முத்திரை இருக்கும், அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இனி உங்கள் மகள். அவர் கோபம் நியாயமானது, நான் அவர் பக்கம். ஆனால் இரும்புக் கடைக்குப் போட வேண்டாம் என்பதற்கும் அதே கோபத்தையே காரணமாகச் சொல்வேன். புகைப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது 1950-இல். அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-இல். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964-இல் வந்தது. இந்தியாவில் சிகரெட் பெட்டியிலும் விளம்பரத்திலும் எச்சரிக்கை போட வேண்டும் என்ற சட்டம் 1975-இல்தான் வந்தது. உங்கள் தாத்தா அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். எனாமல் பலகையை உங்கள் மகள் மூலைக்கு மூலை தேடிப் பார்க்கட்டும். நெருப்பில் சுட்டு நூறாண்டு நிற்கும்படி எழுதிய அந்தப் பலகையில் தீங்கு என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த மனிதர் தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். அதை உருக்கிவிட்டால் இதை எதைக் காட்டிச் சொல்வது? உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் ஒரு சுவரில் மாட்டி, பக்கத்தில் தாத்தாவின் படத்தையும் 1974 என்ற ஆண்டையும் வைத்தால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

தம்பி மகனிடம் முடியாது என்று சொல்லுங்கள். பழைய பொருள்மீது அவனுக்கு இருக்கும் ஆசையை நான் மதிக்கிறேன், எனக்கும் அதே நோய் உண்டு. ஆனால் காப்பிக் கடைச் சுவரில் ஏறியதும் பலகை தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும். இருபது வயதுப் பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். புகையிலை விளம்பரத்தைத் தடுக்க 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவர நாடு எத்தனை பாடுபட்டது! மிட்டாய் ஜாடிகளை அவனுக்குக் கொடுங்கள். கடலை மிட்டாயும் தேன் மிட்டாயும் போட்டு வைக்கட்டும், தாத்தாவின் கடை அதுவும்தானே.

வியாபாரி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கியதும் பிரித்துவிடுவார். பலகை ஒரு ஊர், கூஜா ஒரு ஊர் போகும். பட்டாளத்தில் இன்ன கடையில் இவை எல்லாம் ஒன்றாக இருந்தன என்ற செய்தி அன்றோடு போய்விடும். எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

பாதுகாப்பதைப் பற்றி. எனாமலை அமிலம் கலந்த எதனாலும் கழுவாதீர்கள், கம்பி நாரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இருபது வருடம் முன்பு ஒரு சிவப்புப் பலகையைக் கழிப்பறை கழுவும் திரவத்தால் தேய்த்து அதன் பளபளப்பை நானே அழித்தேன், இன்றும் அதைப் பார்க்க மனம் வருந்துகிறது. மெல்லிய சோப்பு நீர், பருத்தித் துணி, உடனே ஈரம் போகத் துடைப்பது, அவ்வளவு போதும். பூச்சு உதிர்ந்த இடத்தில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள், நம் கடற்காற்று அங்கேதான் நுழையும். தகரப் பலகையில் தண்ணீரே வேண்டாம், உலர்ந்த தூரிகை மட்டும். முருகன் படத்தை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தின் நடுவே தட்டையாக வையுங்கள், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எண்கள் தெரிகின்றன. கடன் கணக்காக இருக்கலாம். அழித்துவிடாதீர்கள்.

உங்கள் அம்மா நலமாக இருந்தால் இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பலகைகளைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. கம்பெனி ஆள் எப்படி வருவார், சைக்கிளிலா, வண்டியிலா? கண்ணாடி எந்த உயரத்தில் தொங்கியது? தகரப் பலகையின் சிவப்பு வலப்பக்கம் மட்டும் நன்றாக வெளுத்திருக்கிறது, இடப்பக்கம் அப்படியே இருக்கிறது. வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். கடை எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.