கப்பல் பதிவில் ‘ஆஸ்திரியா’ என்று இருந்தால்

கொள்ளுத்தாத்தா போலந்துக்காரர் என்று வீட்டில் சொல்கிறார்கள். 1907இல் அவர் அமெரிக்கா சென்ற கப்பலின் பயணிகள் பதிவிலோ ‘ஆஸ்திரியா, டொம்ப்ரோவா’ என்று இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். 1772இலிருந்து 1918 வரை இன்றைய தெற்குப் போலந்தின் பெரும்பகுதி கலீசியா என்ற பெயரில் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது.

சிக்கல் ஊர்ப்பெயரில்தான். டொம்ப்ரோவா என்றால் ஓக் மரத் தோப்பு. அந்தப் பெயரில் ஏராளமான ஊர்கள் உண்டு. அதனால் விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடாதீர்கள். அவர் அமெரிக்காவில் மணம்புரிந்த தேவாலயத்தின் திருமணப் பதிவைத் தேடுங்கள். மணமகன் பிறந்த பங்கின், அதாவது ஒரு தேவாலயத்தின்கீழ் வரும் வட்டாரத்தின், பெயரைக் குருக்கள் அதில் எழுதியிருக்க வாய்ப்புண்டு.

பங்கு தெரிந்துவிட்டால் போலந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கான கெனெடெகா (Geneteka) இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். கலீசியாவின் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் வோய்ச்செக் என்று அழைக்கப்பட்டவர் அங்கே அடால்பெர்ட்டுஸ் ஆகியிருப்பார். பெயர் இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தேதியை அடுத்துக் கட்டத்துக்குள் ஒரு சிறிய எண் இருக்கும். அது வீட்டு எண், எனக்கு மிகவும் பிடித்த தடயம். அந்த எண்ணில் பிறந்த குழந்தைகளையெல்லாம் வரிசையாக எழுதிப் பாருங்கள், ஒரு குடும்பமே எழுந்து வரும்.

முடிந்தால் நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாளன்று அந்த ஊரில் இருங்கள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி விளக்கேற்றும். உங்கள் குடும்பப் பெயர் பொறித்த கல்லருகே யாராவது நின்றால் தயங்காமல் பேசுங்கள்.