கட்டடம் கட்டாதீர்கள், முதலில் வேன் வாங்குங்கள்: மாற்றுத்திறன் குழந்தைகள் மையம் நடத்துவது பற்றி கேள்வி பதில்

திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 14 வருடமாகப் பகல் நேர மையம் நடத்துகிறேன். இப்போது 22 பிள்ளைகள். பாதிப்பேருக்கு மூளை முடக்குவாதம், மற்றவர்களுக்கு அறிவுசார் குறைபாடு, நாலைந்து பேருக்கு ஆட்டிசம். இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களும் பெற்றோரும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கரூர் பக்கம் பத்து சென்ட் இடம் இருக்கிறது, கையில் 15 லட்சம் வரை போடலாம். குழந்தைகளுக்கு ஒரு ஹோம் கட்டி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, கட்டடம் கட்டாதீர்கள். பத்து சென்ட் எங்கேயும் ஓடிப்போகாது. 15 லட்சமும் செங்கல்லில் போய், திறப்பு விழா முடிந்து, மாலையெல்லாம் வாடிய பிறகு சம்பளம் கொடுக்கக் கையில் காசு இருக்காது. அப்படிப் பூட்டிக் கிடக்கிற இரண்டு மையங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றின் வாசலில் இப்போது நெல் காயப்போடுகிறார்கள். படியில்லாத தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள், பெரிய முற்றமும் பின்னால் ஒரு நல்ல கக்கூஸும் இருந்தால் போதும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தை இன்றைக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அதை ஓலைக் கொட்டகையில்தான் தொடங்கினார்.

அப்புறம் அந்த 'ஹோம்' என்கிற யோசனை. தங்க வைக்கும் இல்லம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு. அனுமதி, ஆய்வு, இரவு ஆள், தீயணைப்புச் சான்று என்று அது வேறு உலகம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்த இடம் அது. அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று: ஹோம் என்று பலகை மாட்டினால் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை வருகிற பெற்றோர் பிறகு பொங்கலுக்கு மட்டும் வருவார்கள், அப்புறம் அதுவும் இல்லை. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிற பிள்ளை, வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும்.

கேள்வி: மாதம் எவ்வளவு ஆகும், மேடம்? மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் கணக்கு இது: சிறப்பாசிரியர் இருவருக்கு 36,000, வாரம் மூன்று நாள் வரும் பிசியோவுக்கு 15,000, ஆயா இருவருக்கு 18,000, வேன் டீசல், டிரைவர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 32,000, வாடகை 12,000, மதியச் சாப்பாடு 14,000, டயாப்பர், பினாயில், கரண்ட் பில் மாதிரிச் சில்லறை 8,000. மொத்தம் 1,35,000. ஒரு பிள்ளைக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். பெற்றோரிடம் முடிந்ததை வாங்குகிறோம், பாதிப்பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களிடம் என்ன கேட்பது.

வேன் செலவைப் பார்த்து எல்லாரும் புருவத்தை உயர்த்துவார்கள். வேன் இல்லாவிட்டால் மையமே இல்லை என்பதை நான் இரண்டாவது வருடம்தான் கற்றுக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எந்த அம்மாவும் பஸ் மாறி வரமாட்டாள். ஒரு வாரம் வருவாள், முதுகு போய்விடும், நின்றுவிடுவாள்.

கேள்வி: பதிவு, லைசென்ஸ் என்று என்னென்ன வேண்டும்?

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆடிட்டர் ஒருவரைப் பிடித்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். முதலில் அறக்கட்டளைப் பத்திரம். பிறகு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி நிறுவனப் பதிவு, இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்க வேண்டும். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சி தருகிற தெரபிஸ்ட்டும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், எண்ணைக் கேட்டு வாங்குங்கள், சான்றிதழ் ஜெராக்ஸை மட்டும் நம்பாதீர்கள். நன்கொடைக்கு வருமான வரித் துறையில் வரிச் சலுகைப் பதிவு, 12ஏ, 80ஜி என்று சொல்வார்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமானால் சிஎஸ்ஆர்-1 படிவம். வெளிநாட்டுப் பணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும், அதற்குப் பொதுவாக மூன்று வருடம் நடத்தி, 15 லட்சம் செலவு செய்த கணக்கைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர் சித்தப்பா அனுப்புகிறேன் என்றாலும் அவர் சிங்கப்பூர் குடிமகனாக இருந்தால் அந்தப் பதிவு இல்லாமல் வாங்க முடியாது.

கேள்வி: என் பையனுக்கு ஐந்து வயது, மூளை முடக்குவாதம். சாப்பாடு ஊட்ட ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மடியில் படுக்க வைத்துத்தான் ஊட்டுகிறேன். இருமிக்கொண்டே இருக்கிறான். நான் என்ன தப்பு செய்கிறேன்?

அம்மா, நீங்கள் தப்பு செய்யவில்லை, கைக்குழந்தைக்கு எப்படி ஊட்டினோமோ அப்படியே தொடர்கிறோம், யாரும் மாற்றிச் சொல்லித் தருவதில்லை. எங்களிடம் வருகிற பத்தில் எட்டு பிள்ளைகள் இப்படித்தான் வருகிறார்கள். நானும் முதல் வருடம் படுக்க வைத்து ஊட்டியவள்தான்.

படுத்திருக்கும்போது தலை பின்னால் சாயும், வாய் திறக்கும், சாப்பாடு தானாக உள்ளே இறங்கும். ஆனால் அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. அந்த இருமல் அதனால்தான். அடிக்கடி நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான். பையனை நிமிர்த்தி உட்கார வையுங்கள், இடுப்பு நன்றாகப் பின்னால் தள்ளி, பாதம் எங்காவது ஊன்றி இருக்க வேண்டும், கால் தொங்கினால் உடம்பு முழுக்க விறைக்கும். தலை நேராக, முகவாய் கொஞ்சம் கீழே. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவன் அண்ணாந்து பார்ப்பான், அதனால் அவன் கண் உயரத்துக்கு நீங்களும் உட்காருங்கள், எதிரே. கரண்டி சின்னது, உள்ளே ஆழமாக விடவேண்டாம், கீழ் உதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவனே மேல் உதட்டால் இழுக்கப் பழகுவான். தண்ணியாக இருக்கும் ரசமும் பாலும்தான் அதிகம் புரையேறும், கெட்டியான கூழ், மசித்த இட்லி, குழைந்த பருப்புச் சாதம் பரவாயில்லை. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு வேளையும் புரையேறினால், எடை குறைந்தால், சளி திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்று கேளுங்கள்.

உட்கார வைக்க நாற்காலிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கடையில் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். நாங்கள் மளிகைக்கடை அட்டைப்பெட்டியில் செய்கிறோம். மைதா பசை காய்ச்சி, அட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக, கோடு மாறி மாறி ஒட்டி, மேலே கனமான கல்லை வைத்துக் காயவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும். ஜிம்பாப்வேயில் தொடங்கிய முறை இது, உலகம் முழுக்கப் பல மையங்களில் செய்கிறார்கள். இரண்டு சுவர் கூடும் மூலை மாதிரி முதுகுப் பக்கம், அதனால் தோள் முன்னால் வரும், தலை நிற்கும். நடுவே காலுக்கு இடையில் ஒரு சின்னத் தடுப்பு, அது இல்லாவிட்டால் பிள்ளை சறுக்கிக்கொண்டே வரும். முதலில் நான் ஏறி உட்கார்ந்து பார்ப்பேன், என் எடையைத் தாங்கினால் பிள்ளையைத் தாங்கும். மழைக்காலத்தில் மட்டும் காய ஒரு வாரம் ஆகும், ஒருமுறை அவசரப்பட்டு ஈரத்தோடு பெயின்ட் அடித்து, உள்ளே பூஞ்சை பிடித்துத் தூக்கிப்போட்டேன். அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதால் பிசியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள்.

கேள்வி: முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பிள்ளை உட்காரவே மறுக்கிறாள்.

பெரியவர்கள் அளவு நாற்காலியாக இருக்கும். அதில் ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் கிணற்றில் விழுந்த மாதிரி உள்ளே போய்விடும், முதுகு வளையும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முகாம் நாற்காலியில் வத்தல் காயப்போடுகிறார்கள். இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் அளவெடுக்காமல் கொடுக்கும் முகாமில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏனென்றால் ஒருமுறை வாங்கினால் அடுத்ததற்குச் சில வருடம் காத்திருக்கச் சொல்வார்கள்.

கேள்வி: ஆசிரியர்கள் நிற்பதில்லை. பயிற்சி கொடுத்ததும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சமாளிக்கவில்லை, பழகிக்கொண்டேன். நாம் கொடுக்கிற 18,000க்கு அவர்கள் வாழ்க்கை முழுக்க நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. நான் செய்தது என்னவென்றால், அம்மாக்களில் இரண்டு பேரை ஆயாவாக எடுத்தேன். பிசியோ செய்யும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் மாறினாலும் அவர்கள் மாறுவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மற்ற அம்மாக்களுக்கு அவர்களே சொல்லித் தருகிறார்கள், நான் சொன்னால் 'சரி மேடம்' என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், அவர்கள் சொன்னால் சண்டை போட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். பிள்ளை எங்களிடம் இருப்பது ஐந்தரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் வீட்டில். அம்மாவின் கைக்கு வராத எந்தத் தெரபியும் திங்கட்கிழமைக்குள் கரைந்துவிடும்.

கேள்வி: பிறந்தநாள் என்று வந்து கேக் வெட்டுகிறவர்களை என்ன செய்வது?

சிரிப்புத்தான் வருகிறது. போன வருடம் ஒரே நாளில் மூன்று கேக். கிரீமைப் பார்த்தாலே ஓடுகிற ஆட்டிசம் பையன் ஒருவன் இருக்கிறான், பலூன் வெடித்தால் இரண்டு நாளுக்குத் தூங்கமாட்டான். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: பலூன் கிடையாது, பிள்ளை முகம் தெரிகிற போட்டோ கிடையாது, கேக்குக்குப் பதில் ஒருநாள் டீசலுக்குப் பணம் கட்டலாம். முதலில் கோபித்துக்கொண்டவர்கள் சிலர் இப்போது வருடா வருடம் டீசலுக்குக் கட்டுகிறார்கள்.

கேள்வி: பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள். பேசத் தெரியாத பெண் குழந்தையை எப்படி நம்பி அனுப்புவது?

கேட்க வேண்டிய கேள்வி இது, எந்த மையத்திலும் முதலில் இதையே கேளுங்கள். எங்களிடம் கழிவறைக்கு அழைத்துப் போவதும் உடை மாற்றுவதும் பெண் ஆயா மட்டும், கதவை முழுதாகச் சாத்துவதில்லை. வேனில் டிரைவரோடு எப்போதும் ஒரு ஆயா, கடைசிப் பிள்ளை இறங்கும்வரை. காலையில் வந்ததும் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறோம், மாலையில் அனுப்பும்போதும். வீட்டில் நடந்ததா மையத்தில் நடந்ததா என்பதற்கு அந்த நோட்டுத்தான் சாட்சி. சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீசுக்கோ சொல்லியே ஆக வேண்டும், போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். மையத்தின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கச் சொல்கிற நிர்வாகி இருந்தால் அன்றைக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

கேள்வி: சிறப்பு மையம் என்று தனியாக வைப்பதே ஒதுக்குவதுதானே? சாதாரணப் பள்ளிக்கு அனுப்பக் கூடாதா?

அனுப்பலாம், அனுப்ப வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விருப்பமான சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று சட்டமே இருக்கிறது. எங்களிடமிருந்து ஒன்பது பேர் ஊராட்சிப் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், ஒருத்தி கழிவறைக்குப் போக முடியாததால் மட்டும். படிப்பு வரவில்லை என்று யாரும் திரும்பவில்லை, பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு அடுத்த வருடம் 18. எனக்குப் பிறகு அவளுக்கு யார்?

அந்தப் பயம் எனக்குத் தெரிந்த எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. செய்யக்கூடிய வேலையைச் சொல்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 18க்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கலாம், கலெக்டர் தலைமையிலான குழுவில் மனு கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, வருடம் ஒரு லட்சம் வரை. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள், பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதைக் கேட்பார்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதை மகளின் அண்ணன் தம்பியிடமும் சித்தி மாமாவிடமும் இப்போதே வாய்விட்டுப் பேசுங்கள், அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று விடாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா, அக்கா? ஏதாவது வாங்கி வரட்டுமா?

ஞாயிறு லீவு. செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு வேனில் ஏறிக்கொள்ளுங்கள், ஆயாவுக்கு உதவியாக. பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், யாராவது ஒருத்தர் கட்டாயம் வாந்தி எடுப்பார்கள். வாங்குவதென்றால் மைதா இரண்டு கிலோ, நாற்காலி ஒன்று பாதியில் நிற்கிறது.