பெடலில் பூட்டிய கால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். இன்றுவரை பாதத்தைச் சும்மா வைத்து மிதிக்கும் தட்டையான பிளாட்பார்ம் பெடல்தான். என்னுடன் வருபவர்கள் எல்லோரும் காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிவிட்டார்கள். “இன்னும் கற்றுக்குட்டிப் பெடலா?” என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் நண்பரின் பெடலையும் காலணியையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஏற்றத்தில் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு பாறைத் திட்டில் வண்டி நின்றபோது கால் விடுபடவில்லை. நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன், முழங்கையில் அடி. பழைய பெடலுக்கே திரும்பிவிடலாம் என்றால், கரடுமுரடான இறக்கத்தில் அதில் கால் துள்ளித் துள்ளி விலகுகிறது. எதை வைத்துக்கொள்வது?

ர.

அன்புள்ள ர.,

முழங்கையில் வீக்கம் இன்னும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

‘கற்றுக்குட்டிப் பெடல்’ என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலில்தான் 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் டவுன்ஹில் எனப்படும் மலை இறக்கப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். பின்னர், இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடும் எண்டூரோ பந்தயத்தின் உலகத் தொடரையும் 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். அவருடன் மோதியவர்களில் பெரும்பாலோர் காலைப் பூட்டிக்கொண்டு ஓட்டியவர்கள். ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய எல்லோரும் பூட்டுப் பெடல்தான். எந்தப் பாதையில், எதற்காக ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. இதில் மேல்வகுப்பு, கீழ்வகுப்பு கிடையாது.

காலைப் பூட்டுகிற பெடலுக்குக் ‘கிளிப்லெஸ்’, அதாவது ‘கிளிப் இல்லாதது’ என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு பந்தய சைக்கிள்களில் கால்விரல்களைக் கூண்டு போல் மூடும் கிளிப்பும் வாரும் இருந்தன. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் முறையை 1984-இல் பிரான்சின் லுக் நிறுவனம் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கூண்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 1990-இல் வந்த ஷிமானோவின் எஸ்பிடி பெடல், அதில் பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற சிறிய உலோகத் துண்டைக் காலணியின் அடியில் ஒரு குழிக்குள் பதித்தது. இறங்கி நடக்க முடிந்தது. அதனால்தான் மலைப்பாதைக்கும் வந்து சேர்ந்தது.

இனி உங்கள் கால் துள்ளும் விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சக்கரம் கல்லில் மோதும்போது வண்டி ஒரு கணம் தயங்குகிறது, உடல் முன்னே போகிறது. அப்போது உங்கள் குதிகால் மேலே தூக்கியிருந்தால் பாதம் பெடலை விட்டு முன்னால் வழுக்கிவிடும். குதிகாலைத் தாழ்த்தியிருந்தால் அதே மோதல் பாதத்தைப் பெடலுக்குள் அழுத்திவிடும். பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முழங்கால் மடங்கியிருக்கட்டும், பெடலின் அச்சு பாதப் பந்துக்கு (விரல்களுக்குப் பின்னாலுள்ள தசைத் திரட்சிக்கு) சற்றுப் பின்னால் வரட்டும். ஓட்டப் பயிற்சிக் காலணியோடு ஓட்டுகிறீர்களா? அப்படியானால் பாதிப் பழி அதன்மேல்தான். பெடலின் மேல் நீட்டியிருக்கும் சிறு உலோக முட்கள், அதாவது பின்கள், பற்றுவதற்கு அகலமான, மென்மையான ரப்பர் அடி வேண்டும். பின்கள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கூரான பின் கீழ்க்கால் எலும்பைக் கீறினால் தழும்பு நிற்கும், காப்பு அணிந்துகொள்ளுங்கள்.

இதைப் பழகாமல் பூட்டுப் பெடலுக்குப் போனால் குறை மறைந்துபோகும், ஆனால் தீராது. வண்டியைத் தாண்டவைப்பதும் அப்படித்தான். பூட்டியிருந்தால் காலோடு வண்டியையும் தூக்கிவிடலாம். தட்டைப் பெடலில் கால்விரலைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பின்னால் வாரி எடுக்கத் தெரிந்தால்தான் பின்சக்கரம் எழும். அந்த வித்தை உடம்பில் ஏறிவிட்டால் எந்தப் பெடலிலும் கைகொடுக்கும்.

பூட்டுப் பெடலின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘மேலே இழுத்து வலு கூட்டலாம்’ என்பார்கள். அதை நான் பெரிதாக நம்புவதில்லை. சீராக மிதிக்கும்போது வலு கீழ்நோக்கிய மிதியில்தான் இருக்கிறது. உண்மையான லாபம் வேறு. வேர்களும் கற்களும் நிறைந்த ஏற்றத்திலும் விடாமல் மிதிக்கலாம், பாதம் இடம் மாறாது. மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

நீங்கள் விழுந்ததற்குக் காரணம் அநேகமாக இரவல் பெடல்தான். கிளீட்டைப் பிடித்துவைக்கும் அதன் ஸ்பிரிங் உங்கள் நண்பரின் காலுக்கு ஏற்ற இறுக்கத்தில் இருந்திருக்கும். எஸ்பிடி வகையில் ஒரு சின்ன அலன் கீயால் (அறுகோணச் சாவியால்) அதைத் தளர்த்தலாம். கழற்றக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பதற்றத்தில் நாம் எல்லோரும் மேலே இழுக்கிறோம். பல திசைகளில் விடுபடும் ஷிமானோவின் எஸ்எச்56 கிளீட், சாதாரண எஸ்எச்51-ஐவிடப் புதியவர்களுக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிளீட்டை இரண்டு போல்ட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. ஒருமுறை என் வலது காலணியில் ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. ஓடைக்கரையில் நிற்கப் போகும்போது குதிகாலைத் திருப்பினேன். காலணி திரும்பியது, கிளீட் பெடலிலேயே இருந்தது. ஒற்றை போல்ட்டைச் சுற்றி என் பாதம் கடிகார முள்ளைப் போலச் சுழன்றதே தவிர விடுபடவில்லை. சேற்றில் விழுந்து கிடந்தபடியே வாரை அவிழ்த்துக் காலை உருவினேன். காலணி பெடலில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் இரண்டு போல்ட்டுகளையும் சாவி வைத்துப் பார்க்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், இன்னும் ஆறு மாதம் தட்டைப் பெடலிலேயே ஓட்டுங்கள். பணத்தை நல்ல காலணிக்குச் செலவிடுங்கள். அதன் பிறகும் நீண்ட ஏற்றங்கள்தான் உங்களை இழுக்கின்றன என்றால் பூட்டுப் பெடல் வாங்குங்கள். ஸ்பிரிங்கை முழுவதும் தளர்த்தி, புல்தரையில் நூறு முறையாவது பூட்டிக் கழற்றிப் பழகிவிட்டு மலைக்குப் போங்கள். அடிக்கடி கால் ஊன்ற வேண்டிய பாறை இறக்கங்கள்தான் பிடிக்கும் என்றால் மாறவே தேவையில்லை.

நண்பரின் பெடலைக் கழற்றித் தரும்போது கவனம்: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் கழன்றுவிடும். உங்கள் பெடலை மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.